ஆள் எண்ணும் உத்தியோகம்

மொன்றியலுக்கு மேற்கே, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தண்ணீர் ஓரமாகப் பலகை நடைபாதை ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, வெயில் எறிக்கும் நாட்களில் அங்கே நடக்கப் போகிறேன். நடக்கப் போகிறேன் என்பது வீட்டாருக்குச் சொல்வது. அங்கே போய் நான் செய்வது மற்றவர்களின் பிள்ளைகளை எண்ணுவது. ஒரு தாய் ஐஸ்கிறீம் கடைப் பக்கம் திரும்பினால் போதும், அவளுடைய பிள்ளைகள் எல்லாரும் கரையில் நிற்கிறார்களா என்று என் கண் தானாக ஓடும். ஒன்று குறைந்தால் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். பிறகு பார்த்தால் அது தாய்க்குப் பின்னால் நின்று ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டிருக்கும்.

"அம்மா, உங்களுக்கு வேலை முடிஞ்சுது. இனியாவது விடுங்கோ" என்கிறாள் மகள். வேலை முடிந்தது உண்மைதான். பயம் முடியவில்லை. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்துக்குச் சம்பளமும் கொடுத்து இத்தனை காலம் வைத்திருந்தார்களே, அதுதான் அதிசயம்.

மொன்றியலில் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் பயணத் துணையாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றவர்களை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். பெரிய நகரங்களுக்கல்ல, உள்நாட்டுக் கிராமங்களுக்கு. மலைப் பிளவுகள், குகைகள், ஊற்றுகள், யார் கட்டியதென்று ஒருவருக்கும் தெரியாத கற்கோபுரங்கள். வரலாறு சொல்ல அந்தந்த ஊர் வழிகாட்டி இருப்பார். என் வேலை, கூட்டிக்கொண்டு போனவர்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது.

போன மாதம் கமீய் என்னைப் பார்க்க வந்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் பெண். கழுத்தில் தொங்கவிடும் சின்ன வில்லை ஒன்றைக் காட்டினாள். பயணிகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பார்களாம், யார் எங்கே நிற்கிறார் என்று அவளுடைய தொலைபேசியில் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம்.

"இனி எண்ணவே தேவையில்லை, மடாம் பிலோ."

"ஒரு புள்ளி அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"போய்ப் பார்ப்பேன்."

"போய், என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?"

அவள் சிரித்தாள். "பெயர் சொல்லித்தான். வேறு எப்படி?"

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அந்தப் பதிலால்தான். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வாசித்துக் காட்ட ஏதாவது எழுதித் தரும்படி அவளும் கேட்டிருந்தாள். தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சில் சொல்லும் வேலையை மகளிடம் கொடுத்துவிடலாம்.

மன்னாரிலிருந்து வந்து, பிரெஞ்சு வகுப்புக்குப் போய், ஒரு மழலையர் பராமரிப்பு நிலையத்தில் மூக்குத் துடைத்துவிடும் வேலை பார்த்து, மாலை நேரங்களில் சுற்றுலாப் படிப்புப் படித்த கதையெல்லாம் நீளம். அது எல்லாருடைய கதையும்தான். வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் நிறுவனத்தை நடத்திய மடாம் ஒடெத். நெடுநெடுவென்ற உயரம், எந்தக் காலநிலையிலும் சாம்பல் நிற மழைக்கோட்டு. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, அந்த ஆரஞ்சுத் தோல் அறாமல் மெதுவாக உரிக்கத் தொடங்குவார். முழுப் பழமும் உரிந்து முடியும்வரை நாம் பேசாமல் நிற்கவேண்டும். அதைவிட அவர் நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

முதல் பருவத்தில் சிசிலியில், ஓர் இடிந்த கோவிலடியில், பேருந்தில் ஏறி நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு!" என்று பேருந்தே சொன்னது. மடாம் தோடம்பழத்தை எடுத்தார். உரித்து முடித்ததும் என்னை இறங்கிப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஒரு மதிலுக்குப் பின்னால் வயதான ஒருவர் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா என்று ஒருபோதும் கேட்காதே. வந்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்வார்கள்" என்றார் மடாம்.

அவருடைய ஒழுங்குகள் எல்லாம் இப்படித்தான். பயணத் துணை எப்போதும் கடைசி ஆளாக நடக்கவேண்டும். முன்னால் நடப்பது வழிகாட்டியின் வேலை. புருஷனும் பெண்சாதியும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, கடைசிநாள் வரை அதே இருக்கை. எண்ணும்போது ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் கையால் தொட்டு, முகத்தைப் பார்த்து எண்ணவேண்டும். ஓர் இடத்தில் இறங்கியதும் பார்க்கவேண்டியது எங்கே என்று சொல்வதற்கு முன்னால் கழிப்பறை எங்கே என்று சொல்லவேண்டும். இந்தக் கடைசி விஷயம் கிரேக்கத் தீவொன்றில் நான் பட்டுத் தெளிந்தது. ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஒருவர், வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நடந்து, ஓர் ஒலிவ் மரத்தடியில் மயங்கி விழுந்துவிட்டார். எவ்வளவு வெட்கம் மனிதர்களுக்கு! அதன்பிறகு எல்லாருடைய தண்ணீர்ப் போத்தலையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். நிறைந்திருக்கும் போத்தலைக் கண்டால் எனக்குத் தொண்டை வறளும்.

இனி அந்தச் சம்பவம். அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன.

எங்கள் வீடு மொன்றியலின் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். சென்-ரெஜிஸ் வீதி முருகன் கோவிலுக்குக் கிட்ட. நான் கத்தோலிக்கம், கோவிலுக்குப் போவது தேருக்கும் கல்யாணவீட்டுக்கும்தான். அப்படிப் போன ஒருநாள் யோகம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். பின் தெருவில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம்; பிறகு கர்க்லாண்டுக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள்.

"ஏன் பிள்ளை, நீ வெள்ளையளை மட்டுந்தான் கூட்டிக்கொண்டு போவியோ? எங்களைக் கூட்டிக்கொண்டு போனால் தேஞ்சு போவியோ?"

அக்கா விளையாட்டாகச் சொன்னது, ஒரு பேருந்து நிறைந்த ஆட்களாக வளர்ந்துவிட்டது. எல்லாரும் யாழ்ப்பாணத்துச் சைவர்கள், எல்லாரும் பேரப்பிள்ளை பார்ப்பவர்கள். கட்டடத் தொழிலாளர் விடுமுறையென்று கியூபெக்கே கதவைச் சாத்திவிட்டுப் போகும் அந்த யூலைக் கடைசியில்தான் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள், இவர்களுக்கு விடுதலை. வேறு நாள் இல்லை. போகும் இடம் சார்டினியாத் தீவின் உள்நாட்டு மலைப்பகுதி.

"யூலையில் அங்கே ஆடுகூட நிழலைவிட்டு வராது" என்றார் மடாம். பிறகு, "ஆனால் உன்னுடைய ஆட்கள். உனக்குச் சுலபமாக இருக்கும்" என்றார்.

வெள்ளைக்காரர் சொன்னால் கேட்பார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கல்லவா தெரியும்.

முதல்நாளே ஒழுங்குகள் எல்லாம் பறந்தன. பேருந்தில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பின்வரிசைகளில் முந்நூற்றிநாலு சீட்டாட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டத்துக்கு ஏற்றபடி இருக்கை மாறுவார்கள். யோகம் அக்காவின் புருஷன் பரா அண்ணை பின்னால். அவருக்குப் பக்கத்தில் நடராசா அண்ணை. இரண்டு பேரும் ஒரே ஊர், மொன்றியலில் ஒரே தொழிற்சாலை, இப்போது கர்க்லாண்டில் ஒரே தெரு. பரா அண்ணை அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து நடராசா அண்ணை பேசுவார்.

நான் இருக்கை இருக்கையாகத் தொட்டு எண்ணத் தொடங்க, யோகம் அக்கா கையைப் பிடித்தார்.

"ஆக்களைத் தலை எண்ணாதை பிள்ளை. கண்ணூறு பட்டிடும். நாங்கள் என்ன ஆட்டு மந்தையோ?"

மற்றப் பெண்களும் ஓம் ஓம் என்றார்கள். அன்றிரவு மடாமைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். தோடம்பழ மணம் தொலைபேசியில் வராது. ஆனால் உரிக்கிறார் என்று தெரிந்தது.

"சரி, அவர்களுக்கு மனச் சங்கடம் வேண்டாம். பெயர் கூப்பிடு. ஆனால் பதில் சொல்கிற வாயைப் பார்" என்றார்.

அடுத்த சில நாட்கள் பெயர் கூப்பிட்டேன். கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிக்க, "ஓம்", "ஓம்" என்று வந்தது. பள்ளிக்கூடம் போலச் சிரிப்பும் பகிடியுமாக இருந்தது. எனக்கும் பயம் கொஞ்சம் தணிந்திருந்தது. அதுதான் பயப்படவேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அன்று காலைச் சாப்பாட்டில் ஆண்கள் சிலர் வெறுங்கோப்பையோடு இருந்தார்கள். கேட்டால் வயிறு சரியில்லை என்றார்கள். யோகம் அக்காதான் சாதாரணமாகச் சொன்னார்.

"இண்டைக்கு ஆடி அமாவாசையல்லோ பிள்ளை. தகப்பன் இல்லாத ஆம்பிளையள் விரதம். மத்தியானம் ஒருத்தரும் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டினம், சொல்லிப்போடு."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. மத்தியானம் மலையடிவாரத்தில் ஆட்டிடையர்கள் விருந்து. அவர்கள் விடியற்காலையிலிருந்து ஒரு முழுப் பன்றியை நெருப்பில் வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று முழுவதும் என் கவலை அந்தப் பன்றியின் மேல்தான் இருந்தது. விரதமென்றால் சாப்பாடு என்பதோடு என் அறிவு நின்றுவிட்டது. தகப்பனுக்கு நீராடாமல் அவர்கள் வாயில் தண்ணீரும் படவிடமாட்டார்கள் என்பது வேதக்காரியான எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் கற்கோபுரம் ஒன்றைப் பார்த்தோம். சாந்து இல்லாமல் கறுத்தப் பாறைகளை அடுக்கியே எழுப்பியது. அதற்குப் பக்கத்தில் நிலத்துக்குள் படிக்கட்டு இறங்கியது. அடியில் கண்ணாடி போலத் தண்ணீர். ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முன்பு அந்தத் தீவின் ஆட்கள் வழிபட்ட கிணறு என்றார் எங்கள் வழிகாட்டி பாஸ்குவாலே. ஊர்க்காரர், ஆடு மேய்த்து வளர்ந்தவர்.

"இது கேணியல்லோ!" என்றார் பரா அண்ணை. அந்தப் பயணத்தில் அவர் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. இறங்கிப் போய்க் கை நனைக்கப் பார்த்தவரை பாஸ்குவாலே தடுத்தார். தொல்லியல் இடம், தண்ணீரைத் தொடக்கூடாது.

பிறகு ஜீப்புகளில் போய், ஒரு மலைப் பிளவுக்குள் நடந்து இறங்கினோம். இருபக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, வானம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. கடைசியில் பாறையின் அடியிலிருந்து ஊற்று ஒன்று புறப்பட்டு நீலமாகத் தேங்கி நின்றது.

"கீரிமலை மாதிரி" என்று ஆண்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் பாறையடியில் ஊறும் நன்னீர்க் கேணி அது; தகப்பன்மாருக்கு அங்கேதான் முழுகுவார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

பாஸ்குவாலே சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இதில் இறங்கக்கூடாது, தடை. பாறைக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் போகிறதென்று சுழியோடிகளுக்கே தெரியாது. பரா அண்ணையின் போத்தல் நிறைந்திருந்ததைக் கண்டேன். "குடியுங்கோ அண்ணை" என்றேன். "குடிக்கிறன், குடிக்கிறன்" என்றார். வெயில் ஏற ஏற எனக்கு அந்தப் போத்தல் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பன்றி விஷயம் சொல்லத் தொலைபேசி எடுபடும் இடம் தேடி, அன்று நான் கடைசி ஆளாக நடக்காமல் முன்னால் ஏறிவிட்டேன். மேலே ஏறி வந்ததும் ஜீப் நிற்கும் இடத்தில் பெயர் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் விருந்துவீட்டுக்காரி என் தொலைபேசியில் கத்தத் தொடங்கினாள். பன்றியை நான் என்ன செய்ய, என் புருஷன் அழுகிறான், பாண் மட்டும் தின்னவா இவ்வளவு தூரம் வந்தீர்கள். ஒரு காதில் அவள், மறுகாதில் "ஓம்", "ஓம்". பரா அண்ணையின் முறை வந்தது; பரராஜசிங்கம் என்று கூப்பிட்டேன். "ஓம்" என்றது ஒரு குரல். வாயைப் பார்க்கவில்லை. ஜீப்புகள் மாறி மாறி ஆட்களை ஏற்றிப் போயின. கடைசி ஜீப்பில் நான் ஏறினேன்.

கருவாலி மரங்களுக்குக் கீழே நீள மேசை. பாற்கட்டி, தக்காளி, அப்பளம் போல மெல்லிசான பாண். பன்றியை வேலிக்கு அந்தப் பக்கம் மறைத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அமர்ந்தபின் யோகம் அக்கா ஒரு கோப்பையில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார். இந்த நாளுக்கென்றே சமைக்கும் காத்தோட்டங்காய் இல்லாத ஆடி அமாவாசை இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே போனவர், கோப்பையோடு திரும்பி என்னிடம் வந்தார்.

"இவரைக் கண்டனியே பிள்ளை?"

நான் நடராசா அண்ணையைப் பார்த்தேன்.

"உங்கினைதான் நிண்டவன்" என்றார் அவர். "ஒதுங்கப் போயிருப்பான்."

அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

"அண்ணை, கண்ணாலை கண்டனீங்களோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பரா அண்ணை ஊற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்று பின்தங்கியிருக்கிறார். கூப்பிட்டபோது "ஓம்" சொன்னது நடராசா அண்ணை. அவன் வந்துவிடுவான், கடைசி ஜீப்பில் ஏறிவிடுவான் என்று நினைத்து, இவர் முதல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள்? இல்லை எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

"என்னெண்டு சொல்லுறது தங்கச்சி?" என்றார். "கையில தாளோட ஒரு ஆள் வந்து நிண்டு பேர் கூப்பிட்டால், இல்லாதவனை இல்லை எண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என்ரை தம்பியின்ரை பேருக்கும் இப்பிடித்தான் சொன்னனான்."

நான் மன்னார்க்காரி. வீதியில் ஆமிக்காரர் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தாளைப் பார்த்துப் பெயர் வாசித்த காலம் எனக்கும் தெரியும். யார் இல்லை என்று கேட்பவன் எதற்குக் கேட்கிறான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

மடாமை அழைத்தேன். மொன்றியலில் அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஏச்சில்லை, பெருமூச்சில்லை. என்ன உடுத்திருந்தார், என்ன குடித்தார், கடைசியாகத் தன் கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டார். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்றேன்.

"வனக்காவலரைக் கூப்பிடு. பார்த்ததை மட்டும் சொல், நினைத்ததைச் சொல்லாதே. மனைவியைத் தனியே விடாதே" என்றார்.

யோகம் அக்காவைத் தனியே விடவேண்டிய தேவையே வரவில்லை. அவர் ஏற்கனவே பாஸ்குவாலேயின் ஜீப்பில் ஏறி இருந்தார், மடியில் அந்தச் சாப்பாட்டுக் கோப்பையோடு. நடராசா அண்ணையும் ஏறினார். நான் எங்கள் மன்னார்ப் பக்கத்து மடுமாதாவை மன்றாடிக்கொண்டு வந்தேன். ஒரு சைவக்காரரின் விரதத்துக்காக மாதாவிடம் கேட்பது சரியோ பிழையோ என்று யோசிக்கக்கூட எனக்கு நிதானம் இல்லை.

ஊற்றடிக்கு முதலில் இறங்கியது பாஸ்குவாலே. அவர் நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பாறையின் மேல் காற்சட்டையும் சேட்டும் மடித்து வைத்தபடி இருந்தன. அதன்மேல் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம். பக்கத்தில் சப்பாத்து, அதற்குள் சுருட்டி வைத்த காலுறை. தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடி நின்றது. ஆளில்லை. அந்த நீலத் தண்ணீர் ஓர் அலைகூட இல்லாமல் கிடந்தது.

யோகம் அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வனக்காவலர்கள் வந்தார்கள். பச்சைச் சீருடை, முழங்கால்வரை சப்பாத்து, கையில் ஒலிபெருக்கி. ஒருவர் கயிற்றோடு தண்ணீர் ஓரத்துக்குப் போனார். மற்றவர் என்னிடமிருந்து தாளை வாங்கி, முழுப் பெயரையும் தட்டுத்தடுமாறி வாசித்து, ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். "பரராஜசிங்கம்! பரராஜசிங்கம்!" மலை முழுவதும் அந்தப் பெயர் முட்டி முட்டித் திரும்பியது. பதில் இல்லை. மீண்டும் கூப்பிட்டார். பதில் இல்லை. கேட்கிற தூரத்தில் இருந்தால் பதில் சொல்லியிருப்பார் என்று அவர் பாஸ்குவாலேயிடம் மெதுவாகச் சொன்னார். சுழியோடியை வரவழைக்கவேண்டும் என்று ஏதோ கதைத்தார்கள். அதை யோகம் அக்காவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்தச் சீருடைக்காரர் மீண்டும் ஒலிபெருக்கியைத் தூக்கினார். பின்னால் நின்ற நடராசா அண்ணை தன்னையறியாமல் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்குவதைக் கண்டேன். கனடாக் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் மனிதர்! அப்போதுதான் எனக்குள் ஏதோ சுளீரென்றது. ஓடிப்போய் அந்தக் காவலரின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்கள். பெயர் சொல்லவேண்டாம்" என்று பிரெஞ்சிலோ இத்தாலியத்திலோ கத்தினேன். அவர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் கூப்பிடுங்கோ" என்றேன். "வீட்டில கூப்பிடுற மாதிரி."

யோகம் அக்கா கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்த மனிதரின் பெயரை வாயால் சொன்னதில்லை. ஒலிபெருக்கி வேண்டாம் என்று கையால் தள்ளினார். மூக்குக்கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முற்றத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பிறகு அமைதி.

"இஞ்சாருங்கோ, சாப்பாடு ஆறுது!"

மேலே, எங்கள் தலைக்கு மேலே, சரிந்து கிடந்த கற்களுக்கு அப்பால் ஒரு பாறை இடுக்கிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"ஓம்."

யோகம் அக்கா அந்த இடத்திலேயே குந்திவிட்டார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், அந்தச் சீருடைக்காரரின் தோளில் சாய்ந்து அழுதேன்.

பரா அண்ணை முழுகிவிட்டு, பையில் கொண்டுவந்த வேட்டியைக் கட்டியிருக்கிறார். விடுதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பாணைத் தகப்பன் பேரில் காகத்துக்கு வைக்கவேண்டும். அந்தப் பள்ளத்தில் காகம் ஏது? மேலே கறுப்பாகச் சில பறவைகள் வட்டமிட்டதைக் கண்டு, வெறுங்காலோடு, கண்ணாடியும் இல்லாமல், கற்சரிவில் ஏறியிருக்கிறார். கல் உருண்டு, கால் முறிந்து, ஓர் இடுக்குக்குள் விழுந்துவிட்டார். அது நிழலான இடுக்கு. அந்த நிழல்தான் அவரைக் காப்பாற்றியது என்று மருத்துவர் பிறகு சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நிழலும் உதவியிருக்காது என்றும் சொன்னார்.

கயிறு கட்டி இறக்கியபோது உதடு வெடித்திருந்தது. யோகம் அக்கா தண்ணீரை அவர் வாயில் சிறிது சிறிதாக விட்டார்.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"கேட்டது" என்றார். "எட்டிப் பாத்தன். ஆமி மாதிரி உடுப்புப் போட்ட ஆக்கள் நிண்டு முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டினம். இறங்கக்கூடாத இடத்தில இறங்கினனான் தானே... பேசாமல் இருந்திட்டன்."

"செத்துப்போயிருப்பீங்கள்!"

"ஓம்" என்றார்.

அவரை ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யோகம் அக்கா கூடவே நின்றார். மடாமுக்குச் சொன்னபோது, "பெயர் கூப்பிடச் சொன்னது நான்" என்று மட்டும் சொன்னார். சமாதானமாக நான் ஏதோ சொல்லப் போக, "போய்த் தூங்கு. நாளைக்கும் உனக்கு எண்ணுகிற வேலை இருக்கிறது" என்றார்.

தூக்கம் எங்கே வந்தது? காலையில் பேருந்தடிக்கு வந்தபோது என் கையில் தாள் இல்லை. மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டேன். எல்லாரும் ஏறிச் சத்தமில்லாமல் இருந்தார்கள். சீட்டாட்டம் இல்லை.

"இனிப் பேர் கூப்பிடமாட்டன்" என்றேன். "எண்ணவும் மாட்டன். ஒவ்வொருத்தரிட்டையும் வந்து உங்கட முகத்தைப் பாத்திட்டுப் போறன். அவ்வளவுதான். ஆருக்கும் ஆட்சேபணையோ?"

ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. முன்வரிசையிலிருந்து தொடங்கினேன். பெண்கள் என் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். நடையோரம் நடந்து பின்னால் போனேன். கடைசி வரிசையில் நடராசா அண்ணை ஜன்னலோரமாக இருந்தார். பக்கத்து இருக்கை வெறுமை. அதன்மேல் தன் தொப்பியை வைத்திருந்தார், இடம் பிடித்து வைப்பது போல.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு, பழக்கத்தில், வெறும் இருக்கையையும் பார்த்தேன். பரா அண்ணை எங்கே என்று எனக்குத் தெரியும், பேருந்து முழுவதுக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் திரும்பப் போனேன்.

"தங்கச்சி" என்றார்.

நின்றேன். அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சொல்லத் தொடங்கி, தொண்டையைச் செருமி, மறுபடி தொடங்கினார்.

"பரா இல்லை, தங்கச்சி" என்றார். "பரா இஞ்சை இல்லை. ஆஸ்பத்திரியில இருக்கிறான்."

"ஓம் அண்ணை" என்றேன்.

முன்னால் போய்ச் சாரதிக்குக் கையைக் காட்டினேன். பேருந்து ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்ப்பக்கம் புறப்பட்டது.